வலை என்றால் எந்த வலை?

காசிமேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் படிப்பகம் இருக்கிறது. ஒரே அறை, இரண்டு டியூப்லைட், மூன்று பெஞ்ச், ஒரு இரும்பு பீரோ. சாயங்காலம் ஆறரைக்குத் திறந்து ஒன்பது மணிக்குச் சாத்துவோம். நான் பகலில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிப்போம். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டதால், படிப்பகத்தில் மின்சாரம் ஓடுகிற எதுவானாலும் என் தலையில்தான் வந்து விழும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் வாரத்தில் மூன்று நாள் வாட்ஸ்அப்பில் படிக்க ஒரு பக்கம் அனுப்புவோம். எல்லாருக்கும் ஒரே பக்கம் கிடையாது. குரூப் 4 எழுதுகிறவருக்கு ஒன்று, விசைப்படகில் போகிற அண்ணனுக்கு ஒன்று, ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு ஒன்று, பின்னி மில்லில் வேலை பார்த்த தாத்தாவுக்கு இன்னொன்று. யாருக்கு எது என்று முடிவு செய்கிறவர் எங்கள் அக்கா. அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இருபது பேர் இருந்த காலத்தில் சமாளித்தார். இப்போது 63 பேர்.

"தம்பி, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதே வேலையா இருக்கு. மிஷின்ல ஏதாச்சும் பண்ண முடியுமான்னு பாரு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்.

பார்த்தேன். ஆளுக்கேற்றபடி படிக்கக் கொடுக்கும் தொழில்நுட்பம் ஐம்பது வருஷமாக வளர்ந்து வந்திருக்கிறது. அதில் எங்களுக்கு ஒத்துவரக்கூடியவை என்று நான்கு தேறின. அக்காவின் நோட்டோடு சேர்த்தால் ஐந்து. ஒவ்வொன்றையும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துதான் முடிவுக்கு வந்தோம். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு இடம் இருந்தால் இது உதவலாம்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி நேரம் அதில்தான் போயிற்று. எங்களிடம் ஏறக்குறைய 4,000 பக்கங்கள் இருந்தன. பாடப்புத்தகப் பகுதிகள், தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகள், பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்தவை, வருஷக்கணக்கில் நாங்களே தட்டச்சு செய்த குறிப்புகள். இந்தக் கடைசி வகையில் பெரும்பகுதி பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் இருந்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறி தருகிற யூனிகோடுக்குத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே வந்துவிட்டது. கடைகள் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. என் கடையில் இன்றைக்கும் பாமினியில் தட்டுகிறவர்கள் உண்டு. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் இந்தப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் இயந்திரத்துக்கு அவை வெறும் குப்பை. மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் 'ஸ்ரீ'யும் கொம்பும் இடம் மாறி விழுவதைக் கண்ணால் பார்த்துத் திருத்தத்தான் வேண்டும்.

சரி, முதல் வழிக்கு வருவோம். சொல்லை எண்ணுவது.

1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு எளிய யோசனையை எழுதினார். எல்லாப் பக்கங்களிலும் வருகிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சில பக்கங்களில் மட்டும் வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம். 'ஒரு', 'என்று' போன்றவை எங்கும் கிடக்கும். 'வஞ்சிரம்' வந்தால் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். இப்படி எடை போட்டு, ஒருவர் கேட்ட சொற்களுக்கு எந்தப் பக்கம் மிக நெருக்கம் என்று கணக்குப் பார்க்கலாம். கேட்கவே சுகமாக இருக்கிறது. பழைய லேப்டாப்பில் கண் இமைப்பதற்குள் ஓடுகிறது, இன்டர்நெட் வேண்டாம், காசும் வேண்டாம். எந்தச் சொல்லால் இந்தப் பக்கம் வந்தது என்பதையும் காட்டிவிடலாம். தேடுபொறிகளுக்குள் இந்த யோசனை இன்னமும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

தமிழ் இதற்கு அவ்வளவு எளிதில் மடங்கவில்லை. 'கடல்' என்று கேட்டால் 'கடலுக்கு', 'கடலோரம்', 'கடலிலிருந்து' எல்லாம் அதற்கு வேறு வேறு சொற்கள். விகுதிகளை வெட்டிவிட்டால் போதும் என்று நினைத்து நானே விதிகள் எழுதினேன். வாரக்கடைசிகளில் உட்கார்ந்து எழுதியவை. மரம் 'மரத்தை' ஆகிறது, வீடு 'வீட்டில்' ஆகிறது, ஆறு 'ஆற்றில்' ஆகிறது. ஒட்டு சேரும்போது அடிச்சொல்லே உடல் மாறிவிடுகிறது. கடைசியில் வரும் 'கு'வை வெட்டச் சொன்னேன். படகிலிருந்த 'கு'வையும் சேர்த்து வெட்டி அதை 'பட' ஆக்கிவிட்டது. அதற்கு முன்னாலேயே 'ம்' வெட்டும் விதியால் படமும் 'பட' ஆகியிருந்தது. மறுநாள் படகு பற்றிக் கேட்டவருக்குப் படத் தொகுப்பு பற்றிய பக்கம் போய்ச் சேர்ந்தது.

இதை விதிகளைக் கூட்டிக்கூட்டிச் சரி செய்யலாம், செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காசிமேட்டில் இன்னொரு சிக்கல். கணினித் தமிழுக்குக் கலைச்சொல் செய்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, எங்கள் ஏரியாச் சொற்களாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். வலை, விசை, அலை மூன்றும் போய்விட்டன. வலைத்தளம், வலைப்பூ, விசைப்பலகை, அலைபேசி, அலைவரிசை. ஒரு அண்ணன் வலைக்கண் (வலையின் ஓட்டை) அளவு பற்றி ஏதாவது அனுப்பச் சொல்லி 'வலை, கண் அளவு' என்று சீட்டு எழுதிப் படிப்பகத்துப் பெட்டியில் போட்டார். இயந்திரம் அவருக்கு 'வலைப்பூ தொடங்குவது எப்படி' என்ற பக்கத்தை எடுத்துக் கொடுத்தது, நானும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

"இன்னா தம்பி, வலைல பூ கட்ட சொல்றியா?" என்று மறுநாள் வந்து நின்றார். 'வலைப்பூ' என்ற பெயர் எனக்கு ஆறு மாதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வழியை வேகமாகத் தாண்டிவிடலாம், எங்களுக்கு அது பொருந்தவே இல்லை. உங்களைப் போன்றவர்கள் எதைப் படித்தார்களோ அதை உங்களுக்குக் காட்டுவது. 1992-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் டேப்பஸ்ட்ரி என்ற அமைப்பைச் செய்தவர்கள்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். 1994-இல் குரூப்லென்ஸ் இதை இணையச் செய்திக் குழுக்களுக்குக் கொண்டுபோனது. அப்புறம் அமேசான், நெட்ஃபிளிக்ஸ். நெட்ஃபிளிக்ஸ் 2006-இல், யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்ற தன் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துகிறவர்களுக்கு 10 லட்சம் டாலர் என்று போட்டி வைத்தது, 2009-இல் ஒரு குழு அதை வென்றது. இந்த வழியின் பெரிய அழகு, பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதே அதற்குத் தேவையில்லை. தமிழா, தெலுங்கா, பாமினியா என்று பார்க்காது. யார் எதைத் தொட்டார்கள் என்பது மட்டும் போதும்.

ஆனால் அந்தப் போட்டிக்காக நெட்ஃபிளிக்ஸ் கொடுத்த தரவில் ஏறக்குறைய 4,80,000 பேர் போட்ட 10 கோடி மதிப்பெண்கள் இருந்தன. எங்களிடம் 63 பேர். கட்டம் போட்டுப் பார்த்தால் காலியாகத்தான் கிடந்தது. அதிலும் 40 பேர் போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் என்பதால் ஊரே குரூப் 4 எழுதுவதாக இயந்திரம் முடிவு கட்டிவிட்டது. மில் தாத்தாவுக்கு ஒரு வாரத்தில் மூன்று முறை 'அலகு 8' குறிப்புகள் போயின. "எனக்கு இனிமே எந்த ஆபீஸ்ல போஸ்டிங் போடப் போறாங்க?" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் அந்தத் தரவில் பெயர்களை நீக்கித்தான் கொடுத்தது. சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும், வேறு இடத்தில் பொதுவாகக் கிடக்கும் மதிப்பெண்களோடு ஒப்பிட்டே சிலரை அடையாளம் காண முடியும் என்று 2008-இல் நிரூபித்தார்கள். அடுத்த போட்டியை 2010-இல் கைவிட நேர்ந்தது. அத்தனை லட்சம் பேரிலேயே ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றால் எங்கள் தெருவில் கேட்கவே வேண்டாம். 'உங்களைப் போன்ற ஒருவர் இதையும் படித்தார்' என்று ஒரு வரி வந்தாலே அது யார் என்று எதிர்வீட்டு அம்மா சொல்லிவிடுவார். கடன் பற்றி, குடி பற்றி, விவாகரத்து பற்றியெல்லாம் எங்களிடம் பக்கங்கள் கேட்கிறார்கள்.

மூன்றாவது வழியில்தான் நான் அதிக நாள் தங்கினேன். சொல்லை எண்ணாமல், பொருளை எண்ணாக்குவது.

ஒரு சொல்லின் அர்த்தம் அது யார் யாரோடு பழகுகிறது என்பதில் இருக்கிறது என்ற எண்ணம் மொழியியலில் பழையது. 2013-இல் கூகுளில் இருந்த தாமஸ் மிக்கலோவும் சகாக்களும் அதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் சில நூறு எண்கள். ஒரே மாதிரி இடங்களில் வருகிற சொற்களுக்கு ஒரே மாதிரி எண்கள் கிடைக்கும். வஞ்சிரமும் வவ்வாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். (இது வவ்வால் மீன். பறக்கிற வவ்வாலும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. அந்த முறையில் ஒரு சொல்லுக்கு ஒரு நாற்காலிதான்.)

எனக்குப் பிடித்தது 2016-இல் ஃபேஸ்புக் ஆய்வகத்திலிருந்து வந்த ஃபாஸ்ட்டெக்ஸ்ட். அது சொல்லைத் துண்டுகளாகவும் பார்க்கிறது. 'கடல்', 'கடலுக்கு', 'கடலோரம்' மூன்றிலும் 'கடல' என்ற துண்டு பொது என்பதால் அவை தாமாகவே நெருங்கி வருகின்றன. நான் வாரக்கடைசிகளில் விதி எழுதி, படகை உடைத்துச் செய்ய முயன்றதை அது கேட்காமலே செய்தது. தமிழ் போல ஒட்டி ஒட்டி வளர்கிற மொழிகளுக்கு இந்த ஒரு யோசனை செய்த உதவியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எல்லாரும் 2017-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற கணினி முறையைத்தான் கொண்டாடுகிறார்கள். அதுவும் நியாயம்தான். அது வந்த பிறகுதான் ஒரு சொல்லுக்கு ஒரே நாற்காலி என்ற நிலை போயிற்று. வாக்கியத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, இந்த வலை நூல் வலையா இணைய வலையா என்று பிரிக்க முடிந்தது.

நான் எடுத்து ஓட்டியது 2020-இல் கூகுள் வெளியிட்ட லாப்சே. 109 மொழிகளின் வாக்கியங்களை ஒரே வெளியில் எண்களாக வைக்கும் மொழி மாதிரி (மாடல்), இலவசமாகக் கிடைக்கிறது. கடையில் மூலையில் கிடந்த லேப்டாப்பில் ராத்திரி ஓட விட்டுப் போனேன், காலையில் வந்து பார்த்தால் 4,000 பக்கங்களும் முடிந்திருந்தன. வலைக்கண் கேட்ட அண்ணனின் சீட்டை மறுபடி போட்டேன். முதலில் வந்த பக்கத்தில் குஞ்சு மீன்கள் ஏன் தப்பிக்க வேண்டும் என்று இருந்தது. 'வலைக்கண்' என்ற சொல் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

குறைகளும் இருக்கின்றன. எதைப் பற்றி என்பது அதற்குப் பிடிபடுகிறது, யாருக்கு என்பது பிடிபடுவதில்லை. ஒன்பதாவது பையன் அலை எப்படி உண்டாகிறது என்று கேட்டால் கல்லூரி அளவில் கணக்குப் போட்ட பக்கம் வந்து நிற்கும். ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டால், முதல் வழியைப் போலச் சொல்லைச் சுட்டிக்காட்டத் தெரியாது. 'போட் இஸ்துகினு வர்றதுக்கு' என்று ஒருவர் எழுதிய சீட்டுக்கு அது திணறியது. படகை இழுத்து வருவது என்று நான் மாற்றி எழுதிப் போட்டதும் சரியாக எடுத்தது.

நான்காவது வழி எல்லாரும் கேட்பது. "சாட்பாட்ட கேட்டா அதுவே எழுதிக் குடுத்துடுமே?" எழுதிக் கொடுக்கிறது, மறுக்கவில்லை. இருக்கிற பக்கத்தைத் தேடி எடுப்பதற்குப் பதிலாக, ஆளுக்கேற்ற பக்கத்தைப் புதிதாகவே எழுதிவிடுகிறது. ஒன்பதாவது பையனுக்கு ஒன்பதாவது அளவில், அண்ணனுக்குப் படகு உதாரணத்தோடு. ஆளுக்கேற்றது என்பதன் உச்சம் இதுதான்.

காசு விஷயத்தைப் பார்ப்போம். இந்த மாதிரிகள் எழுத்தைத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன, துண்டுக்குத்தான் கட்டணம். ஆங்கிலத்தை வைத்துச் செய்த வெட்டுக்கத்தி தமிழை நொறுக்கிவிடும். 'கடலுக்கு' என்பதில் நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் அது 8 குறிகள், ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 24 பைட். சாட்ஜிபிடி செய்த ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரியை வெளியிட்டபோது தானே ஒரு கணக்கைக் காட்டியது. ஒரே சின்ன வாசகம் பழைய வெட்டில் தமிழில் 116 துண்டு, ஆங்கிலத்தில் 27. புதிய வெட்டில் தமிழ் 35, ஆங்கிலம் 24. தமிழில் கேட்பதற்கு நாம் இத்தனை நாள் நான்கு பங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம். இப்போது பரவாயில்லை. எங்களுக்கு மாதம் வருகிற நன்கொடை 1,500 ரூபாய். கரண்ட் பில்லும் செய்தித்தாளும் போக 400 மிஞ்சும். 63 பேருக்கு வாரம் மூன்று பக்கம் எழுத வைக்க அந்த 400-இல் இடம் பார்க்கலாம் என்றுதான் தோன்றியது.

பணம் தடையாக இல்லை. தடையாக வந்தது மில் தாத்தாதான். பெயர் வேண்டாம், ஒரு சாட்பாட்டிடம் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அழகாக எழுதியது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1920-இல் தொடங்கியது என்றும் எழுதியது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "பதினெட்டுப்பா. 1918. வாடியா வந்து பேசினது, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, எல்லாம் பதினெட்டுல." அவர் சொன்னதுதான் சரி. அகில இந்தியத் தொழிற்சங்கமான ஏஐடியுசி தொடங்கிய வருஷம் 1920. இயந்திரம் இரண்டையும் குழப்பியிருக்கலாம். இதே பக்கம் குரூப் 4 எழுதும் பெண்ணுக்குப் போயிருந்தால்? 200 கேள்விக்கு 300 மதிப்பெண், ஒரு தப்பான வருஷத்துக்கு ஒன்றரை மதிப்பெண். ஒன்றரை மதிப்பெண்ணில் ரேங்க் எங்கே போய் விழும் என்று தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும். தாத்தா மாதிரி ஒருவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இதற்கு மருந்து உண்டு. முதலில் நம்மிடம் இருக்கிற பக்கத்தைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்து, இதை மட்டும் வைத்து எழுது என்று சொல்லும் முறை 2020-இலேயே வந்துவிட்டது. அதாவது மூன்றாவது வழியையும் நான்காவதையும் முடிச்சுப் போடுவது. செய்து பார்த்தேன். வருஷத் தப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் எளிமைப்படுத்தச் சொன்னால் சின்னச் சொற்களைத் தின்றுவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் பற்றிய பக்கத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்று தெளிவாக இருந்தது. எளிமையான வடிவத்தில் 'யாரும் மீன் பிடிக்கக் கூடாது' என்று வந்தது. கட்டுமரத்தில் போகிறவர் அதைப் படித்தால் என்ன ஆகும்? தூக்கிப் போட்டேன்.

தமிழ் நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாருக்கு எழுதினாலும் ஒரே குரல், செய்தி வாசிக்கிற குரல். பையனுக்கும் அண்ணனுக்கும் விஷயம் மாறுகிறது, குரல் மாறுவதில்லை. மெட்ராஸ் பாஷையில் எழுது என்று சொன்னால் சினிமா காமெடியன் போலப் பேச ஆரம்பித்துவிடுகிறது. அதைவிடச் செய்தியே மேல்.

நடுவில் குரல் பற்றி ஒரு கிளைக்கதை. மீன் விற்கிற அக்காக்கள் சிலருக்குப் படிப்பதைவிடக் கேட்பது சௌகரியம். எழுத்தைப் பேச்சாக்குவதில் இப்போது தமிழ் நன்றாகவே இருக்கிறது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிக் குரல்களுக்காக வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கிறது; சாதாரண போனிலும் வாசித்துக் காட்டும் வசதி வந்துவிட்டது. எதிர்த்திசையில், பேச்சை எழுத்தாக்குவதற்கு, 2022-இல் வந்த விஸ்பர் இருக்கிறது, அரசின் பாஷிணி இருக்கிறது. அப்படி ஒன்றை வைத்து, அக்காக்கள் வாயால் கேட்கட்டும், பக்கம் தானாக வரட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை நடத்தினேன். ஒருவர் போனை வாய்க்கு அருகில் பிடித்து, "ஐஸ் கட்டி பத்தி இன்னா கீதா?" என்றார். எழுத்தில் ஒரு பிழையும் இல்லாமல்தான் வந்தது. ஆனால் பதிலில் 'கீதா அவர்களே, வணக்கம்' என்று தொடங்கியது. "நான் எப்போ கீதா ஆனேன்?" என்று சிரித்த சிரிப்பில் சோதனை அன்றோடு முடிந்தது. வெளியே வாசிக்க மட்டும் குரலை வைத்துக்கொண்டோம். கேட்பதற்கு அக்காவிடமே வருகிறார்கள்.

அக்காவின் நோட்டு ஐந்தாவது வழி, அல்லது முதலாவது. 60 ரூபாய் நோட்டு. அதில் ஆளுக்கு ஒரு பக்கம். 'கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, பெரிய எழுத்து.' 'தடைக்காலம், வீட்ல இருப்பார், நீளமா அனுப்பலாம்.' 'பரீட்சை தேதி தள்ளிப் போச்சு, மனசு சரியில்ல, கதை குடு.' இந்தக் குறிப்புகளில் ஒன்றைக்கூட வேறு நான்கு வழிகளும் தானாகத் தெரிந்துகொள்ளாது.

இப்படிச் சொன்னதால் நோட்டுதான் உசத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண். நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'தையல், நர்சிங்' என்று இருந்தது. அவள் பெட்டியில் போட்ட சீட்டுகளை மூன்றாவது வழியில் போட்டபோது வந்த ஐந்து பக்கங்களில் நான்கு எஞ்சின் பற்றியவை. சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். டீசல் எஞ்சின் ஏன் கறுப்புப் புகை விடுகிறது, உப்புத் தண்ணீரில் இரும்பு எவ்வளவு நாளில் துருப்பிடிக்கும், இப்படி நான்கைந்து. "அவ அப்பாவுக்காகக் கேக்குறான்னு நினைச்சேன்" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தையலையும் நர்சிங்கையும் ஒரே கோட்டில் அடித்தார். தெரிந்தவர்கள் கையால் கொடுப்பதில் இந்த ஆபத்து உண்டு. ஆளைத் தெரிந்திருப்பதாலேயே அவர் கேட்பது காதில் விழாமல் போகலாம். இயந்திரத்துக்கு அவள் பொண்ணா பையனா என்பது தெரியாது. நல்லவேளை.

எங்கள் முடிவு இதுதான். மூன்றாவது வழியும் நோட்டும் சேர்ந்து ஓடுகின்றன. சீட்டுகளை வைத்து இயந்திரம் ஆளுக்கு ஐந்து பக்கம் எடுத்து வைக்கும். அக்கா அதில் ஒன்றை எடுப்பார், இல்லையென்றால் ஐந்தையும் தள்ளுவார். சொல் எண்ணும் வழியை முழுக்க விடவில்லை. தேர்வுக்காரர்கள் ஒரு சட்டப்பிரிவையோ ஒரு பெயரையோ அப்படியே கேட்கும்போது அதுதான் சரியாக எடுக்கிறது. சாட்பாட்டைப் பக்கம் எழுத விடுவதில்லை. புரியாத பத்தியை விளக்கிக் கேட்க வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும், மூலப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. யார் எதைத் திறந்தார்கள் என்ற கணக்கை வைத்துக்கொள்வதே இல்லை. எங்களிடம் வருகிறவர்களில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களும் உண்டு. 2023-ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது, அவர்கள் நடத்தையைப் பின்தொடரக் கூடாது என்றும் சொல்கிறது. அவர்களாக எழுதிப் போடும் சீட்டு போதும். அதற்கும் வீட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

அக்கா இப்போது ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போகிறார். ஐந்தையும் தள்ளுகிற நாள்கள் உண்டு. ஒரு வாரம், கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பி வராமல் தெருவே காத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு இயந்திரம் எடுத்து வைத்த ஐந்தில் முதலாவது 2017 ஒக்கிப் புயல் பற்றிய பக்கம். அவன் அதற்கு முந்தைய வாரம் புயல் எப்படி உருவாகிறது என்று சீட்டுப் போட்டிருந்தான், கணக்குப்படி மிகச் சரியான தேர்வு. அக்கா அன்றைக்கு அவனுக்கு எதுவும் அனுப்பவில்லை. நேரில் போய்விட்டு வந்தார். நான்காம் நாள் படகு வேறு துறைமுகத்தில் கரை சேர்ந்திருப்பதாகத் தகவல் வந்தது.

ஐந்நூறு, ஆயிரம் பேர் வருகிற நூலகம் என்றால் என் கணக்கு மாறும். அக்கா ஒருவரால் முடியாது, இரண்டாவது வழிக்கும் அங்கே கொஞ்சம் உயிர் வரலாம். ஆங்கிலப் பக்கங்களையும் சேர்த்துத் தர வேண்டும் என்றால் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரியைப் பார்க்கலாம், 22 மொழிகளுக்கும் இலவசம். நாங்கள் இன்னும் அதைத் தொடவில்லை.

நோட்டில் இருக்கிறதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் இயந்திரம் இன்னும் நன்றாக எடுக்குமே என்று போன மாதம் அக்காவிடம் கேட்டேன். "அதுல இருக்கிறதெல்லாம் வீட்டு விஷயம் தம்பி" என்று சொல்லி நோட்டைப் பீரோவில் வைத்தார். சரி என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறு வேலை இருக்கிறது, பாமினியில் இன்னும் 300 பக்கம் மாற்றாமல் கிடக்கிறது.